எந்த க்யூ என்று சொல்லிவிட்டு அழியுங்கள்

ஒரு கல்லூரியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்க்கை நேரத்தில் ஒரு ராத்திரி, யாரோ ஓர் ஆசிரியரின் பாஸ்வேர்டைத் திருடி எங்கள் சர்வர் வழியாகக் குப்பை மெயில்களைக் கொட்டத் தொடங்கினார்கள். க்யூவைப் பார்த்தேன்: 6,214 மெயில்கள். அத்தனையையும் அழிக்க, ரூட் எனும் முழு அதிகாரம் தரும் சூடோவைப் போட்டு, போஸ்ட்சூப்பர் என்ற கமாண்டைக் கொடுத்தேன். அழிந்தவை 143 என்று பதில் வந்தது.

கை சில்லிட்டுப்போனது. அந்த 143, குப்பை அல்ல. உள்ளே இருக்கும் மெயில்பெட்டி சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தோம். அது எழுந்திருக்கும்வரை வாசலில் காத்திருந்த பிள்ளைகளின் கடிதங்கள் அவை.

எங்கள் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் இரண்டு இன்ஸ்டன்ஸாக ஓடுகிறது. வருகிற மெயிலுக்கு ஒன்று, மொத்தமாக அனுப்புவதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புக் கோப்பு, தனி க்யூ. நல்ல ஏற்பாடுதான். இப்படிப் பல இன்ஸ்டன்ஸ்களை நிர்வகிக்க போஸ்ட்மல்டி என்ற கருவியே 2009-இல் போஸ்ட்ஃபிக்ஸ் 2.6-உடன் வந்துவிட்டது. நான் அதைப் பயன்படுத்தவில்லை. குப்பை குவிந்த இரண்டாவது இன்ஸ்டன்ஸின் அமைப்பு அடைவை மெயில்_கான்ஃபிக் என்ற மாறியில் எழுதிவைத்துக்கொண்டு வேலை செய்தேன். க்யூவைப் பார்க்கும்வரை அது சரியாகவே இருந்தது. ஆனால் சூடோ, ரூட் அதிகாரத்தைக் கொடுக்கும்போது அப்படிப்பட்ட மாறிகளைக் கழற்றிவிடும். அது போனதும், கமாண்ட் முதல் இன்ஸ்டன்ஸின் க்யூவில் போய் விழுந்தது.

அந்த மாறியைச் சூடோ விட்டுவைக்கும்படி மாற்றிவிடலாமே என்றார் கூட வேலை செய்யும் தம்பி. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரணப் பயனர் எழுதிவைத்ததை ரூட் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்காகத்தான் சூடோ அதைக் கழற்றுகிறது. எந்த இன்ஸ்டன்ஸ் என்பதைக் கமாண்டுக்குள்ளேயே எழுதுவதுதான் முறை. போஸ்ட்சூப்பருக்கு '-சி' போட்டு அமைப்பு அடைவைச் சொன்னால் போதும், சில எழுத்துகள்தான் கூடும். அதைவிட முக்கியம், முதலில் அழிக்கவே கூடாது. சின்ன '-எச்' போட்டால் க்யூவில் உள்ளவை அப்படியே நிறுத்திவைக்கப்படும். தப்பாக நிறுத்தினால் பெரிய '-எச்' போட்டு விடுவித்துக்கொள்ளலாம். அழித்ததற்கு அப்படி ஒரு வழி கிடையாது.

நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரூட் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்து, ராத்திரி தனியாக உட்காரவைக்காதீர்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து கேட்கிறீர்கள். அழிக்கிற கமாண்டுக்கு இன்னொரு கண் கேட்பதில் என்ன தயக்கம்?

விடியும்வரை லாகைப் புரட்டினேன். அதில் அனுப்பியவர் முகவரி இருந்தது, எழுதியது இல்லை. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு, மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினேன். 138 பேர் அனுப்பினார்கள். மீதி ஐந்து முகவரிகளை இன்னும் எழுதி வைத்திருக்கிறேன்.