மூன்று பிராஸ்பெக்டஸ், ஒரே முகம்

வெளிமாநிலத்தில் நிர்வாகவியல் பட்டம்: பெயர்கள் வேறு, பாடம் ஒன்று. வித்தியாசம் கடன் கணக்கில்தான் தெரிகிறது.

மே மாதத்து இரவு. சாப்பாட்டு மேஜையில் மூன்று பிராஸ்பெக்டஸ்கள். மூன்றின் அட்டையிலும் கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் லேப்டாப்பும் சிரிப்புமாக நாலு மாணவர்கள். ஒன்று புனேயிலிருந்து வந்தது, இன்னொன்று பெங்களூரிலிருந்து, மூன்றாவது மும்பையிலிருந்து. மகளுக்கு மூன்றிலும் பி.பி.ஏ. இடம் கிடைத்துவிட்டது. அப்பாவின் கையில் கால்குலேட்டர். அம்மாவுக்கு விடுதியைப் பற்றிய கவலை. பெங்களூரில் படிக்கும் சிநேகிதி போனில் சொன்னதை மகள் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் தவணை கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

இந்த வீடு ராய்ப்பூரில் இருக்கலாம்; பாட்னா, கௌஹாத்தி, மதுரை என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பிளஸ் டூவில் வணிகவியல் படித்த பிள்ளை உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்வதுதான் ஒரு காலத்தில் வழக்கம். ஊரைவிட்டு ஊர் போவதென்றால் அது பொறியியலுக்கு, அல்லது மருத்துவத்துக்கு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஷஹீத் சுக்தேவ் வணிகவியல் கல்லூரி 1987இல் தொடங்கியபோது, இளங்கலையிலேயே நிர்வாகம் படிப்பது அபூர்வமான சமாச்சாரம். 2011இல் இந்தூர் ஐ.ஐ.எம். பிளஸ் டூ முடித்தவர்களை நேராகச் சேர்த்துக்கொள்ளும் ஐந்தாண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது. ரோத்தக் ஐ.ஐ.எம். 2019இல் அதே வழியில் வந்தது. இதற்கிடையே புனேயின் சிம்பயாசிஸ், மும்பையின் என்.எம்.ஐ.எம்.எஸ்., பெங்களூரின் கிறைஸ்ட் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நுழைவுத் தேர்வுகள் மூலம் நாடு முழுவதிலிருந்தும் மாணவர்களை இழுத்தன. இன்று 18 வயதில் நிர்வாகம் படிக்க ரயில் ஏறுவது சாதாரணம்.

சிக்கல் என்னவென்றால், படிப்புகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓரிடத்தில் பி.பி.ஏ., இன்னோரிடத்தில் பி.எம்.எஸ்., வேறோரிடத்தில் பி.பி.எம். உள்ளே போனால் எங்கும் கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், மார்க்கெட்டிங், மனிதவளம், தொழில் சட்டம். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.எம்.எஸ். படிப்புகள் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வரம்புக்குள் வந்துவிட்டன. கவுன்சில் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. ஆகவே பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பெற்றோருக்குக் கண் வலிப்பதுதான் மிச்சம். வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் பிடித்துக்கொள்வது தரவரிசையை.

யாருக்கு வைத்த தேர்வு?

மத்திய அரசின் தேசியத் தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. நிர்வாகக் கல்விக்கான பட்டியலில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 சதவீத மதிப்பு, ஆராய்ச்சிக்கும் தொழில்சார்ந்த பணிக்கும் இன்னொரு 30, படித்து வெளியேறுவோரின் நிலைமைக்கு 20, பல தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, நற்பெயருக்கு 10. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதுவது பேராசிரியர்கள். பட்டியலில் ஒரு பெயர் மேலே ஏறக் காரணம் அதன் எம்.பி.ஏ. படிப்பாகவும் முனைவர் பட்ட ஆய்வுகளாகவும் இருக்கலாம். முதலாண்டு பி.பி.ஏ. வகுப்பில் 60 பேர் உட்கார்ந்திருக்கிறார்களா, 120 பேரா, பாடம் நடத்துவது நிரந்தர ஆசிரியரா, மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேரக்காரரா என்பதை 12ஆம் இடமோ 20ஆம் இடமோ சொல்லிவிடாது.

அடுத்த தூண்டில் சம்பளம். "சராசரி ரூ. 7 லட்சம்" என்று பிராஸ்பெக்டஸ் பெரிய எழுத்தில் அறிவிக்கிறது. பத்து மாணவர்களில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு ரூ. 4 லட்சம், ஒருவருக்கு மட்டும் ரூ. 34 லட்சம் என்றாலும் சராசரி ரூ. 7 லட்சம்தான். பொய் இல்லை, ஆனால் அந்த ரூ. 7 லட்சத்தை வாங்கியவர் ஒருவரும் இல்லை. கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம். அதாவது வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் மாணவர் வாங்குவது. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற விவரங்களைத் தர வேண்டும். அவை பொதுப் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன. இளங்கலைக்கு ஒரு வரி, முதுகலைக்கு ஒரு வரி. இளங்கலை வரியைப் பார்க்கிற பெற்றோர் பிராஸ்பெக்டஸைத் தாண்டி வந்துவிட்டார்கள் என்று பொருள்.

பெயரும் ஏமாற்றும். சிம்பயாசிஸ் என்றால் புனே மட்டுமல்ல. நொய்டா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரிலும் வளாகங்கள் உண்டு. என்.எம்.ஐ.எம்.எஸ்., கிறைஸ்ட் ஆகியவையும் பல ஊர்களில் கிளை பரப்பியவை. பட்டத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் வகுப்பெடுக்கும் ஆசிரியரும் வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "இந்தச் சம்பளக் கணக்கு எந்த வளாகத்துடையது?" என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

மாநில எல்லையைத் தாண்டும்போது

ஒன்றுபோலத் தெரியும் வாசல்கள் எல்லோருக்கும் ஒரேமாதிரி திறப்பதில்லை. தன் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டவர் என்ற சான்றிதழ் வைத்திருக்கும் மாணவர் அடுத்த மாநிலத்துக் கல்லூரியில் பொதுப் பிரிவில் நிற்க வேண்டியிருக்கும். மத்திய அரசு நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இடத்தைக் கேட்க மத்தியப் பட்டியலில் சாதியின் பெயர் இருக்க வேண்டும். 'கிரீமி லேயர்' வருமான வரம்பும் குறுக்கே வரும். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை எடுத்துக்கொண்டு தில்லி போகிறவர்கள் இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடுவது உண்டு.

இன்னொரு தடை கணிதம். ஷஹீத் சுக்தேவ் கல்லூரியின் பி.எம்.எஸ். படிப்புக்குப் பொது நுழைவுத் தேர்வில் கணிதத் தாள் எழுத வேண்டும். ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்விலும் கணக்குக்குத்தான் கனம். பதினோராம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்டு வணிகவியலோடு கணினியை எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு, குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய அரசுக் கல்லூரிகள் சில அந்த நாளிலேயே கைநழுவிப் போய்விட்டன. இழப்பு தெரியவருவது இரண்டு வருடம் கழித்து.

கால்குலேட்டர் சொல்வது

இனி பணம். இரண்டு கல்லூரிகள் எல்லா விதத்திலும் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குக் கடன் வாங்க வேண்டியது மூன்று ஆண்டுகளில் ரூ. 9 லட்சம், மற்றதற்கு ரூ. 4.5 லட்சம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வங்கிகளின் வழக்கமான சலுகை. ஆனால் அந்தக் காலத்தில் வட்டி தூங்குவதில்லை. ஒவ்வொரு ஆண்டின் ஆரம்பத்திலும் ரூ. 3 லட்சம் எடுத்தால், நான்காவது ஆண்டின் முடிவில் தனி வட்டி மட்டும் ரூ. 2.7 லட்சம். ரூ. 9 லட்சம் ரூ. 11.7 லட்சமாகிவிடுகிறது. அதைப் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் சுமார் ரூ. 15,460. கட்டி முடிக்கும்போது கைவிட்டுப் போன தொகை ரூ. 18.5 லட்சம். இரண்டாவது கல்லூரி என்றால் எல்லாம் சரிபாதி.

ஆண்டுக்கு ரூ. 4 லட்சம் சம்பளம் என்றால் மாதம் ரூ. 33,000. பெரிய நகரத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போக, அதில் ஏறக்குறைய பாதியை வங்கிக்குத் தரும் 21 வயதுப் பெண் எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பாள்? பிடித்த வேலையை அல்ல, தவணைக்குப் போதுமான வேலையை. வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வரும் சுதந்திரம் இரண்டாவது கல்லூரியில் படித்தவளுக்கு உண்டு. முதல் கல்லூரியில் படித்தவளுக்கு இல்லை. பிராஸ்பெக்டஸில் இடம்பெறாத வித்தியாசம் இது.

கடன் கிடைப்பதிலும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுதல் உண்டு. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் ரூ. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் போல ஏதாவது ஈடு கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருகிறவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ. 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவி எதுவும் பெறாதவராக இருந்தால், ரூ. 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை வட்டியில் 3 சதவீதம் சலுகை. ஒன்றுபோல இருக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கிறது, மற்றது இல்லை என்றால், முடிவு பாதி எடுத்தாகிவிட்டது.

எம்.பி.ஏ. படிக்கும் எண்ணம் இருந்தால் கணக்கு இன்னும் கறாராகிறது. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு எழுத ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் போதும், பி.பி.ஏ.தான் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் இரண்டாண்டுக் கட்டணம் ரூ. 25 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் கடன் அடையுமுன் இரண்டாவது கடனுக்கு வங்கி வாசலில் நிற்க வேண்டிவரும். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேருகிறவர்கள், மூன்றாண்டு முடிவில் வெளியேறினால் என்ன பட்டம் தருவார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமை மிரட்டல்

எல்லாவற்றையும் நிதானமாக யோசிக்க விடாமல் செய்வது அந்தக் கடைசித் தேதி. தனியார் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே இடத்தைக் கொடுத்துப் பணம் கேட்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் முடிவோ, தேர்வு தொடங்கிய 2022இல் செப்டம்பரில்தான் வந்தது; 2024இல் ஜூலைக் கடைசியில். நடுவே சிக்கிய குடும்பம் பயத்தில் ஓரிடத்தில் கட்டிவிடுகிறது. கட்டிய பணம் போய்விடுமே என்று, பிறகு நல்ல இடம் கிடைத்தாலும் நகர மறுக்கிறது.

பணம் போக வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு முறைப்படி அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாள் முன்பாக விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். நிர்வாகச் செலவுக்கென்று அதிகபட்சம் ரூ. 5,000 மட்டும் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, கடைசி நாள்வரை விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் முடிந்து 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அதன் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. கவனிக்க வேண்டியது, பணம் கட்டச் சொல்லும் வெள்ளிக்கிழமையும் சேர்க்கைக்கான கடைசி நாளும் ஒன்றல்ல என்பதை. இரண்டாவது தேதியைத்தான் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சேர்வதானாலும் விலகுவதானாலும் மின்னஞ்சலில் ஓர் அத்தாட்சி இருக்கட்டும்.

மறுபடி அந்தச் சாப்பாட்டு மேஜை. மகளின் ஆசை பொய்யில்லை. வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, வேறு மொழி பேசுகிறவர்களோடு மூன்று வருடம் இருப்பதே ஒரு படிப்புதான். அதற்காகத்தான் அப்பாவும் கால்குலேட்டரை எடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் படிப்பு புனேயிலும் கிடைக்கும், பெங்களூரிலும் கிடைக்கும், மும்பையிலும் கிடைக்கும். பாடம் ஒன்று, பட்டம் ஒன்று, நடுவரிசை மாணவரின் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று என்றால், எது குறைந்த கடனோடு வெளியே அனுப்புமோ அதுதான் நல்ல கல்லூரி. அட்டையில் சிரிக்கும் மாணவர்களுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று எந்தப் பிராஸ்பெக்டஸும் அச்சிடுவதில்லை. அதை வீட்டிலேயே கணக்குப் போட்டு, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிவிட வேண்டும். கட்டப்போகிறவள் அவள்தான்.