உள்ளே இருப்பவனுக்குத் திரை இல்லை

முதலில் ஒரு வாக்குமூலம். நான் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ விளையாட்டை ஆறு வருடமாக ஆடுகிறவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலைக்குச் சரக்கிருப்பு மென்பொருளைப் பராமரிப்பது பிழைப்பு. சாயங்காலம் புறநகர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், பொன்னேரி வருவதற்குள் என் கப்பல்கள் கடலில் இருக்கும். ஆகவே இது ‘கேம் ஆடி பசங்க கெட்டுப்போறாங்க’ என்கிற புலம்பல் கிடையாது.

என் சண்டை ஒரே ஒரு வாக்கியத்தோடு. “கப்பல்படையை ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் வரலாறு புரியும். புத்தகம் படிக்கிறவன் தேதியை மனப்பாடம் பண்றான், அவ்வளவுதான்.” ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது நண்பன் சொன்னது. சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதுதான் எரிச்சல். ரயிலில் திரும்பும்போதுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆட்டம் 1444ல் தொடங்கும். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு கனரகக் கப்பல், இலகுக் கப்பல், துடுப்புக் கப்பல், சரக்குக் கப்பல் என்று கட்டலாம். கரையோரம் முற்றுகையிடும்போது எதிரியின் துறைமுகத்தையும் கப்பல்களால் அடைத்தால்தான் கோட்டை சீக்கிரம் விழும். அடைத்தால் எதிரிக்குப் போர்ச் சோர்வு ஏறும், நமக்குப் போர் மதிப்பெண் கூடும். ‘எதிரித் துறைமுகங்களை அடை’ என்று கடற்படைக்கு ஒரு கட்டளை போட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். முப்பது நாட்களுக்கு ஒருமுறை முற்றுகைப் பகடை உருளும். ‘உணவுத் தட்டுப்பாடு’, ‘தண்ணீர்த் தட்டுப்பாடு’, ‘வீரர்கள் தப்பியோட்டம்’ என்று பலன் வரும். உணவுத் தட்டுப்பாடு வந்தால் நான் சந்தோஷப்படுவேன். அது எனக்கு நல்ல பகடை.

இதை நம் கடற்கரையில் வைத்துப் பார்ப்போம். 1760ல் புதுச்சேரி. தரையில் அயர் கூட்டின் படை, கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள், நடுவில் லாலியின் நகரம். கோரமண்டல் கரையில் அன்றைக்கு ஒழுங்கான இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போடும். வடகிழக்குப் பருவமழை வந்தால் கடற்படைகள் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ ஒதுங்கிவிடுவது வழக்கம். அந்த வருடம் ஆங்கிலேயர்கள் ஒதுங்கவில்லை. பிரெஞ்சுத் தளபதி தாஷேயோ 1759ல் மொரிஷியஸுக்குப் போனவர் திரும்பவே இல்லை. 1761 புத்தாண்டு இரவில் புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின, பல கரைதட்டின, ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். முற்றுகை உடைந்தது என்று நகரத்துக்குள் ஒரு நம்பிக்கை. ஒரே வாரத்தில் கடல் மறுபடி அடைபட்டது. ஜனவரி 16ல் நகரம் வீழ்ந்தது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை செத்ததும் அதே ஜனவரியில்தான்.

இதுவரைக்கும் சொன்னதை விளையாட்டால் ஓரளவு காட்ட முடியும். காட்ட முடியாதது இது: நவம்பர் கடைசியில், கையிருப்பு தானியம் சிப்பாய்களுக்கு வேண்டும் என்று நகரத்துக்குள் மிச்சமிருந்த தமிழ்ச் சனங்களை, சுமார் 1400 பேரை, லாலி வெளியே துரத்தினார். ஆங்கிலேயர்கள் அவர்களைத் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. கோட்டைக்குத் திரும்பினால் அங்கேயும் கதவு திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், மழைக்காலத்தில், வெட்டவெளியில், புல்வேரைத் தின்றுகொண்டு நாள்கணக்கில் கிடந்தார்கள். கடைசியில் கூட் வழிவிட்டார். அந்த வெட்டவெளிக்கு விளையாட்டில் மாகாண எண் கிடையாது. அங்கே யாரும் இல்லை என்பதுதான் அதன் கணக்கு.

நண்பனின் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே பல தடவை சொன்ன பதில் அது. “மச்சி, அது ஒரு மாடல். எல்லா மாடலும் எதையாவது விட்டுத்தான் ஆகணும். நீ என்ஜினியர்தானே?” என்ஜினியர்தான். அதனால்தான் சொல்கிறேன். நான் எழுதும் மென்பொருளிலும் நிறைய விட்டுப்போகிறது. ‘இருப்பு: 0’ என்று ஒரு வரி சிவப்பாகும். அந்தச் சிவப்பால் ஓவர்டைம் பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் முதுகுவலி அட்டவணையில் இல்லை. ஆனால் அது தற்செயலாக விட்டுப்போனதல்ல. மென்பொருளுக்குக் காசு கொடுப்பது யாரோ, அவருக்குத் தேவையில்லாததுதான் விட்டுப்போகிறது. பிழைகள் இரண்டு பக்கமும் சிதறினால் அதைச் சத்தம் என்போம். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குப் பெயர் சார்பு. இந்த விளையாட்டில் விட்டுப்போனதெல்லாம் ஒரே பக்கம்: அடைக்கிறவனுக்குத் திரை, வரைபடம், மதிப்பெண், இசை எல்லாம் உண்டு. அடைபட்ட ஊருக்கு ஒரு சின்ன ஐகான்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து உறைக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021ல் இருந்து ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர். பெயர் மாறியது நல்லதுதான். 2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை என்பது மாறவில்லை. அங்கிருந்து பெயின்ட் வேலைக்கு வருகிற அண்ணன் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் அலுவலக அறைக்குச் சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம். நான் ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, உது என்ன விளையாட்டு?”

“கப்பலை நிறுத்தி ஊரை அடைக்கிறதுண்ணே. உள்ள எதுவும் போகாது. கொஞ்ச நாள்ல சரணடைஞ்சுடுவான்.”

“எவ்வளவு நாளில?”

“கேம் கணக்குல ரெண்டு வருஷம். நமக்கு அஞ்சு நிமிஷம்.”

சிரித்தார். “எங்களை அஞ்சு வருசம் மறிச்சவங்கள். சரணடையிறியளோ எண்டு ஒருத்தரும் வந்து கேக்கேல்லை.”

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், பேட்டரி, சிமென்ட், உரம் என்று ஒரு நீண்ட பட்டியல் தடை. மின்சாரம் இல்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி ஏற்றிப் படித்தார்கள். ரேடியோவில் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோ மின்சாரம். சுற்றுகிறவருக்குக் கை வலித்தால் செய்தி வாசிப்பவரின் குரல் நீண்டு இழுபடும். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழம். மோட்டார் சைக்கிளை நாலு சொட்டு பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டுவது. ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்ததால் வெளியே போக வேண்டுமென்றால் இரவில் கிளாலிக் கடலேரியில் படகு. கடற்படை சுட்டால் சாவு. 1993 ஜனவரியில் அங்கே நடந்த படுகொலை பதிவாகியிருக்கிறது. 95 அக்டோபர் கடைசியில் ஊரே பெயர்ந்தபோது இவரும் நடந்தார். 96ல் மன்னாரிலிருந்து படகு, மண்டபம், பிறகு இங்கே.

கவனியுங்கள், இதில் ஒரு போர் உத்தி கூட இல்லை. எல்லாமே பொறியியல். ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்தவனை நான் எந்த அட்மிரலுக்கும் மேலே வைப்பேன். ஒரு முற்றுகையின் மூளை முழுக்கத் துறைமுகத்துக்கு உள்ளேதான் வேலை செய்கிறது. வெளியே நிற்பவன் நங்கூரத்தைப் போட்டுவிட்டு நாளை எண்ணுகிறான். அப்படியானால் இந்த விளையாட்டு நமக்குக் கற்றுத்தருவது முற்றுகையிலேயே மந்தமான பாதியை.

இன்னொரு பொத்தானும் உண்டு: நம் மாகாணத்தை நாமே எரித்து, வருகிற எதிரிக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்வது. அழுத்தினால் சில எண்கள் குறையும். 1942ல் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் வங்கக் கரையில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை ஆங்கில அரசு பறித்துக்கொண்டதும் அழித்ததும் இதே தர்க்கம்தான். ஆற்றுக்கழிமுகத்தில் படகு இல்லையென்றால் மீனவனுக்குத் தொழில் இல்லை, நெல்லுக்குப் போக்குவரத்து இல்லை. 1943ன் பஞ்சத்துக்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம்.

சரி, நம் ஆட்கள் இதை ஏன் இவ்வளவு ஆசையாக ஆடுகிறார்கள்? இங்கேதான் எனக்குக் கோபம். டீக்கடை நண்பன் விஜயநகரத்தை எடுத்து, கடற்படை கட்டி, மலாக்காவை அடைத்துப் பிடித்து, அந்த சேவ் கோப்புக்கு ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர் வைத்திருக்கிறான். 1025ல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்துக்குப் படை அனுப்பியது வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிந்தைய ஆயிரம் வருடத்தில் கடலில் நாம் பெரும்பாலும் யார்? அடைபட்ட ஊர்க்காரன், படகு பறிபோனவன், கப்பலின் அடித்தளத்தில் ஏற்றப்பட்டவன். நாலு கிலோமீட்டரில் முகாம் இருக்கும்போது, நாம் எப்போதும் கப்பல் மேல்தட்டில் நின்றதாகக் கனவு காண்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உள்ளே இருப்பவனை வைத்து விளையாட்டு செய்ய முடியாது, போரடிக்கும் என்பார்கள். 2014ல் வந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்ததுதான். இரவில் மருந்து தேடப்போகும் சாதாரண ஆட்களைத்தான் நாம் ஓட்டுகிறோம். யாருக்கும் போரடிக்கவில்லை.

போன மாதம் நண்பனைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். பொன்னேரியில் இறங்கி பஸ். 1612ல் சாந்தோம் போர்த்துகீசியர்கள் வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையை அழிக்க, 1613ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர். இங்கிருந்து துணி போனது. பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் பட்டேவியாவுக்குப் போனார்கள். நண்பனுக்குக் கோட்டையைப் பார்க்க வேண்டும், இங்கே டச்சுக்காரனிடம் எத்தனை கப்பல் இருந்தது என்று தெரிய வேண்டும்.

அன்றைக்குப் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. ஏன் என்று கேட்டேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள், கடலுக்குப் போகக்கூடாது என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். “அப்ப இன்னைக்கு வருமானம்?” என்றான் நண்பன். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பினார். நாங்கள் கோட்டையைத் தேடிப் போனோம். முள்காடும் செங்கல் மேடும் இருந்தன.