ஒத்திகை என்பது மனனம் அல்ல

நமது பாடசாலைகள் பலவற்றில் நாடக ஒத்திகை என்ற பெயரில் நடப்பது என்ன? எழுத்துருவை மனனம் செய்வித்தல். நெறியாளர் காட்டியபடி கையையும் குரலையும் உயர்த்தி ஒப்புவித்தல். அழவேண்டிய இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி அழுகிறார்கள். அதற்குப் பரிசும் கொடுக்கிறோம்.

இரவு விடுதியில் ஒதுங்கும் ஏழைகளைப் பற்றிய கோர்க்கியின் நாடகத்தை 1902இல் மேடையேற்றுமுன், ஸ்தானிஸ்லவ்ஸ்கி நடிகர்களுடன் மொஸ்கோவின் கித்ரோவ் சந்தைக்கே போனார். அத்தகைய மனிதர்களை நேரில் கண்ட பிறகே பாத்திரங்களும் சூழலும் உருப்பெற்றன.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை, செலவும் இல்லை. கடற்றொழிலாளியாக நடிப்பவனை நாற்காலியில் இருத்தி மற்றப் பிள்ளைகள் கேட்கட்டும்: "வெறும் தோணியோடு கரைசேர்ந்த அன்று, வீட்டில் யாருடைய முகத்தைப் பார்க்கக் கூசினாய்?" எழுத்துருவில் இல்லாத அந்தப் பதிலில்தான் பாத்திரம் உயிர்பெறுகிறது. பிறகு எல்லாரும் கண்களை மூடி, வாயாலும் கையாலும் அலையையும் காற்றையும் எழுப்பட்டும். வர்ணத் திரை இல்லாமலே கடற்கரை வந்துவிடும்.

நேரமில்லை என்பார்கள். மனனத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது, கேள்விக்கு அரைமணி இல்லையா? உண்மை வேறு. இன்று பாத்திரத்தைக் கேள்வி கேட்கும் பிள்ளை நாளை நெறியாளரையும் கேட்கும். அதற்குத்தான் அஞ்சுகிறோம்.

கேட்கட்டுமே!