டேட்டா வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா?

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

முதலில் ஒரு சத்தம். மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் யாரோ நகத்தால் தட்டுவதுபோல 'டக், டக், டக்'. கொஞ்சம் அமைதி. மறுபடியும் 'டக், டக்'. திரை கறுத்துப்போய், கம்ப்யூட்டரைத் துவக்க டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளை வரி.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழர்கள் வசிக்கிறார்கள். அங்கே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் வீட்டில், ஒரு ஜூலை மாத மாலையில் இது நடப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெட்டிக்குள் மகளின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. வருமான வரிக் கணக்குகள் இருக்கின்றன. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய, காலமாகிவிட்ட அம்மாவின் குரலும் இருக்கிறது. கேசட்டை அப்போதே தூக்கிப்போட்டாயிற்று. கம்ப்யூட்டரில்தான் ஏறிவிட்டதே!

அவர் என்ன செய்வார்? எல்லோரும் செய்வதைத்தான். அணைத்துவிட்டு மறுபடி போடுவார். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. பெட்டியை லேசாகத் தட்டிப் பார்ப்பார். சென்னையிலிருந்து மருமகன் போனில் யோசனை சொல்வார்: "மாமா, டிஸ்க்கைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள்." மறுநாள் டிஸ்க்கோடு சாந்தினி சவுக்குக்கு டாக்ஸி ஏறுவார். அங்கே கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கும் இளைஞன் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "காகு, டேட்டா வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல்தான் பாதிப் பேர் இருப்பதையும் இழக்கிறார்கள். டிஸ்க்கை மறுபடி ஓடவைப்பது ஒரு வேலை. அதில் இருப்பதை மீட்பது வேறு வேலை. முதலாவதைச் செய்யப் போனால் இரண்டாவது கெட்டுப்போகலாம்.

காந்தம் முதலில் சுழன்ற ஊர்

இந்த விஷயத்தில் கொல்கத்தாவுக்கு ஒரு பழைய உரிமை உண்டு. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1955-ல் இந்த ஊரில்தான் இறங்கியது. பேராசிரியர் மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்த ஹெச்.இ.சி.-2எம் என்ற இயந்திரம் அது. அதன் நினைவகம் சுழலும் ஒரு காந்த உருளை. 1,024 சொற்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டே, 1956-ல், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் உருளைக்குப் பதில் தட்டுகளை அடுக்கி முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள். மொத்தம் 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாமல் போகலாம்.

அளவு சுருங்கியதே தவிர அடிப்படை மாறவில்லை. பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல் எழுதிப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், காற்றில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி என்பது நெடுஞ்சாலையில் பாறை கிடப்பதற்குச் சமம்.

'டக், டக்' சத்தத்துக்கு அர்த்தம் இதுதான்: தட்டில் தன் இடத்தைக் காட்டும் அடையாளங்களை முனை தேடுகிறது, கிடைக்கவில்லை, திரும்பிப் போய் மறுபடி தேடுகிறது. முனை பழுதாகி இருக்கலாம், தட்டில் கீறல் விழுந்திருக்கலாம். கீறல் இருந்தால், மறுபடி மறுபடி சுவிட்ச் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த முனை கல்யாணப் படங்களின் மேல் உழுதுகொண்டிருக்கிறது.

மூன்று வகை நோய்

எல்லாப் பழுதும் ஒரே பழுது அல்ல. முதல் வகை வெளிப்பழுது. கேபிள் தளர்ந்திருக்கும், பவர் சப்ளை பலவீனமாகியிருக்கும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சந்தேகச் சத்தம் எதுவும் இல்லை என்றால், கேபிளை மாற்றி வேறு துளையில் செருகிப் பார்ப்பதில் தவறில்லை. சில நேரம் கதை அங்கேயே சுபமாக முடிந்துவிடும்.

இரண்டாவது, கணக்குப் பழுது. டிஸ்க் நன்றாகச் சுழல்கிறது, கம்ப்யூட்டர் அதன் பெயரைக்கூடச் சொல்கிறது. ஆனால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு குலைந்துவிட்டது. வைரஸ், எழுதிக்கொண்டிருக்கும்போது போன மின்சாரம், தெரியாமல் செய்த ஃபார்மேட் எல்லாம் இந்த வகை. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் செய்தது இதைத்தான். செர்னோபில் விபத்தின் நினைவு நாளன்று விழித்துக்கொண்டதால் அதற்குச் செர்னோபில் வைரஸ் என்றே பெயர் நிலைத்தது. டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டில் அது வெறும் பூஜ்யங்களை நிரப்பியது. ஆசியாவில் ஏராளமான கம்ப்யூட்டர்கள் அன்று காலை விழிக்கவில்லை. எல்லாம் போயிற்று என்று பலர் புதிதாக ஃபார்மேட் செய்தார்கள். பெரிய டிஸ்க்குகளில் பதிவேட்டின் இரண்டாம் பிரதி அந்த ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் பத்திரமாக இருந்தது. அதைக்கொண்டு ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேர்களும் விரைவில் வந்தன. பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அவசரப்பட்டவர்கள் வைரஸ் விட்டுவைத்ததையும் தாங்களே அழித்தார்கள்.

மூன்றாவது, இயந்திரப் பழுது. தட்டும் சத்தம், உரசும் சத்தம், சுழல முடியாமல் முனகும் மெல்லிய 'பீப்' ஒலி. இதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. உடனே அணைத்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

ஃப்ரீசர் யோசனை பழைய கால டிஸ்க்குகளோடு போக வேண்டிய நாட்டு வைத்தியம். கொல்கத்தாவின் ஆடி மாதப் புழுக்கத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் எதன் மீதும் நொடியில் நீர் கோக்கும். டிஸ்க்கின் மீதும்தான்.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். தூசி வடிகட்டிய அறையில் செய்யும் வேலை அது. அதேபோல அடியில் இருக்கும் பச்சைப் பலகையை, அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து கழற்றி மாட்டும் தந்திரமும் இன்று பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய தனி அளவுகள் அந்தப் பலகையின் சிப் ஒன்றில் பதிந்திருக்கின்றன.

விண்டோஸ் தானாகவே 'டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா?' என்று கேட்கும். ஆரோக்கியமான டிஸ்க்குக்கு அது நல்லது. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது மூச்சிரைப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வது. மீட்புச் சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் ஏற்றுவது அதைவிட மோசம். தேடும் ஃபைல் இருந்த இடத்திலேயே தேடும் சாஃப்ட்வேர் போய் உட்கார்ந்துவிடும்.

சரியான வழி நேர்மாறானது. டிஸ்க் இன்னும் படிக்கக் கூடிய நிலையில் இருந்தால், முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். பிறகு எந்தச் சோதனையையும் நகலின் மீதுதான் செய்ய வேண்டும். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச சாஃப்ட்வேர் இதற்கென்றே இருக்கிறது. சாதாரண நகலெடுப்பு, படிக்க முடியாத முதல் இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைத் தாண்டிப் போய், சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். நகல் கிடைத்தபின் 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' போன்ற, இவையும் இலவசமான, சாஃப்ட்வேர்களைக்கொண்டு படங்களைத் தேடலாம். கை பழகாதவர்கள், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எது மூலம், எது நகல் என்று மாற்றிச் சொல்லிவிட்டால் காலி டிஸ்க் மூலத்தின் மேல் ஏறிவிடும்.

இப்போதைய கம்ப்யூட்டர்களில் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. அது வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் சாகும்போது சத்தம் போடாது. நேற்று மாலை வரை வேலை செய்தது இன்று காலை இல்லாமல் போகும். தவறி அழித்த ஃபைலை அதில் மீட்பதும் மிகக் கடினம். அழிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்து வைத்துவிடுகிறது.

கடையில் கேட்க வேண்டியவை

கணேஷ் சந்திரா அவென்யூவிலிருந்து மதன் தெரு வரை, சாந்தினியில் கம்ப்யூட்டருக்குக் கிடைக்காத பொருள் குறைவு. தேர்ந்த கைகளும் அங்கே இருக்கின்றன, 'பார்த்துவிடலாம்' என்று திருகாணியில் கை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரித்தறியச் சில கேள்விகள் போதும். முதலில் நகலெடுப்பீர்களா? திறக்க வேண்டி வந்தால் எங்கே திறப்பீர்கள், அல்லது எந்த ஊருக்கு அனுப்புவீர்கள்? டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? பணம் கொடுப்பதற்கு முன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவீர்களா? டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதி ரசீது வாங்க வேண்டும்.

இயந்திரப் பழுது என்றால் செலவு புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். வாரண்ட்டி இருக்கிறதே என்று நினைத்தால், அது டிஸ்க்குக்கு மட்டும்தான். நிறுவனம் புது டிஸ்க் தரும், பழையதை வாங்கிக்கொள்ளும். அம்மாவின் குரலும் அதோடு போகும்.

இன்னொரு ஆபத்தை யாரும் பேசுவதில்லை. டிஸ்க்கைக் கொடுப்பது என்பது பீரோ சாவியைக் கொடுப்பது. 2008-ல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் இன்டர்நெட்டில் பரவி பல நடிகைகளின் வாழ்க்கையைக் குலைத்தன. பழுதுபார்க்கக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து அவை நகலெடுக்கப்பட்டவை. நம்பிக்கையான இடமா என்று விசாரிப்பது சந்தேகப் புத்தி ஆகாது.

முன்கூட்டியே தெரியாதா?

ஓரளவு தெரியும். டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு உண்டு. 2007-ல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பரிசோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாததைவிட அடுத்த 60 நாள்களில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு. எனவே எச்சரிக்கை வந்தால் அன்றே நகலெடுக்க வேண்டும். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும். செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை எந்த எச்சரிக்கையும் தராமல்தான் போயின.

ஆக, மிஞ்சும் மருந்து ஒன்றுதான்: பிரதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. வேறு இடம் ஏன் என்பதைக் கொல்கத்தாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது கல்லூரித் தெருவில் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டரும் அதன் பிரதியும் ஒரே தரைத்தள அறையில், ஒரே மேசைக்கு அடியில் இருந்தால் அது இரண்டு பிரதி அல்ல, ஒன்றுதான். டிஸ்க் நனைந்துவிட்டாலும் வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், அப்படியே நிபுணரிடம் கொண்டுபோவதே நல்லது.

எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த பிக்ஸார் நிறுவனத்தில் தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் திறந்தால் அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. படத்தைக் காப்பாற்றியது அதுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க், அரை மணி நேரம். எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் வைரஸ் இரண்டையும் சேர்த்தே தின்னும். ஆண்டுக்கு ஒரு முறை இன்னொரு டிஸ்க்கில் நிரப்பி, பெங்களூரில் இருக்கும் மகளிடம் கொடுத்துவிடலாம். பூஜைக்கு வரும்போது பழையதைக் கொண்டுவந்து புதியதை எடுத்துப் போகட்டும்.

2004 மார்ச்சில் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து தாகூரின் நோபல் பதக்கம் திருடு போயிற்று. சி.பி.ஐ. விசாரித்தது. பதக்கம் வரவில்லை. நோபல் அறக்கட்டளை அதேபோன்ற பதக்கங்களைச் செய்து கொடுத்தது. ஆனாலும் அவை தாகூர் பெற்ற பதக்கம் ஆகாது. வங்காளத்துக்கு அந்த வருத்தம் தீரவில்லை. டிஸ்க்கில் இருக்கும் அம்மாவின் குரல் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே பிரதியும் மூலமும் ஒன்றேதான், ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனால் பிரதி எடுக்க வேண்டியது, 'டக், டக்' சத்தம் கேட்பதற்கு முன்பு.