முதல் வகுப்புக்கு யார் ஆசிரியர்?



இன்றிரவு கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் நாளிதழைக் கொடுத்து நான்கு வரிகள் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, என்ன விஷயம் என்று கேளுங்கள். பல வீடுகளில் மவுனம்தான் பதிலாக இருக்கும்.

இது நம் வீட்டுக் குறை மட்டுமல்ல. நாட்டின் கிராமப்புறங்களில் 2022ல் எடுக்கப்பட்ட 'அசர்' ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே! கொரோனாவைக் காரணம் சொல்லலாம். ஆனால் கொரோனாவுக்கு முந்தைய 2018லும் இது மூன்றில் ஒருவரை எட்டவில்லை.

பிள்ளைகள் மந்தமா? இல்லை. ஆசிரியர்கள் சோம்பேறிகளா? அதுவும் இல்லை. படிக்கக் கற்றுக் கொடுப்பது ஒரு தனிக் கலை, தனித்துறை என்பதை நாம் இன்னும் ஒப்புக் கொள்ளவில்லை. கோளாறு அங்கேதான்.

'க' என்ற ஒரே எழுத்து 'கடல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று பார்க்கிறது. அது எங்கே தடுமாறுகிறது? எழுத்தின் ஒலி பிடிபடவில்லையா? சொல் தெரியவில்லையா? அல்லது டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நாமோ எல்லோருக்கும் ஒரே மாத்திரை தருகிறோம்: "பத்துத் தடவை எழுதிட்டு வா!"

குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுக்க, தஜ்வீத் முறையாகப் பயின்ற உஸ்தாதைத் தேடுகிறோம். எழுத்து பிறக்கும் இடம் தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும், "ஒண்ணாம் வகுப்புதானே, யார் நடத்தினால் என்ன?" என்கிறோம். இது என்ன நியாயம்?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 'வாசிப்பு நிபுணர்' என்று தனிப் பதவியே உண்டு. பல மாநிலங்களில் அதற்கு முதுநிலைப் பட்டமும் வகுப்பறை அனுபவமும் வேண்டும். பிள்ளையின் தடுமாற்றத்தைக் கண்டறிவது, வேற்றுமொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்குக் கற்பிப்பது, சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது ஆகியவற்றையெல்லாம் மேற்பார்வையில் பயின்றுதான் பட்டம் பெறுகிறார்கள்.

அந்நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று மிசிசிப்பி. வாசிப்பில் கடைசி வரிசையில் கிடந்தது. 2013ல் சட்டம் இயற்றி ஆசிரியர்களுக்கு ஆழமான பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கிய பள்ளிகளுக்கு எழுத்தறிவுப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாத பிள்ளையை மேலே தள்ளிவிடாமல் நிறுத்திக் கற்றுக் கொடுத்தார்கள். 2019ல் நான்காம் வகுப்பு வாசிப்பில் அம்மாநிலம் தேசிய சராசரியைத் தொட்டுவிட்டது. ஏழ்மை தடையாக நிற்கவில்லை!

தமிழக அரசும் 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கத் தக்கது. ஆனால் ஆசிரியர்களுக்கு அந்தப் பயிற்சியைத் தரவும், வகுப்பறையில் உடனிருந்து திருத்தவும், இத்துறையை ஆழக் கற்றவர்கள் வேண்டுமே! எம்.எட். ஒரு பொதுவான கல்வியியல் படிப்பு. எழுத்தறிவுக் கல்விக்கென்றே சிறப்பு முதுநிலைப் படிப்பை நம் பல்கலைக்கழகங்கள் நடத்த வேண்டும். இதை நாம் உரத்துக் கேட்க வேண்டும்.

பி.எட். முடித்த இளைஞர்களே, சகோதரிகளே! மேல்நிலை வகுப்புதான் கௌரவம் என்று எண்ணாதீர்கள். அஸ்திவாரம் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் இன்று பஞ்சம்.

வணிகப் பெருமக்களே! பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தருகிறீர்கள். கல்வெட்டில் பெயர் வருகிறது. இந்த ஆண்டு ஒரு ஆசிரியையை மேற்படிப்புக்கு அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அவரை முதல் வகுப்பில் அமர்த்தி, மேல்நிலை ஆசிரியருக்கு நிகரான சம்பளம் கொடுங்கள். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் நாளை அந்தக் கல்வெட்டைத் தாங்களே படிப்பார்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!