பெட்டைக்குட்டிக்கும் ஒரு வீடு

கோயில் வாசலிலும் சந்தை ஓரத்திலும் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் நாய்க்குட்டிகளில் பெரும்பாலானவை பெட்டையாகத்தான் இருக்கும். ஆண் குட்டி என்றால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டை என்று தெரிந்ததும், “வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், யார் பார்ப்பது?” என்று சொல்லித் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள். அப்படி வேண்டாமென்று விடப்பட்ட குட்டி தப்பிப் பிழைத்தால், ஓராண்டுக்குள் அதுவும் ஏதோ ஒரு கடைப்பலகைக்கு அடியில் ஈனும். தெருநாய்களைப் பற்றி நீதிமன்றத்திலும் மாமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் பிடிப்பதா, விடுவதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தெருவுக்கு நாய் வரும் வழிகளில் ஒன்று நம் வீட்டு வாசல். அந்த வழியை அடைக்கும் பொறுப்பைச் சென்னை மாநகராட்சியும் தெருவாசிகளும் சேர்ந்து ஏற்றாக வேண்டும்.

பிடித்துக் கொல்வதை இந்த நகரம் நூறாண்டுக்கும் மேலாகச் செய்து பார்த்தது. நாய்கள் குறையவில்லை. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே சொன்னது. மாநகராட்சி அதற்கு இசைந்தது 1996-ல்தான். மத்திய அரசு 2001-ல் விதிகள் வகுத்து, 2023-ல் அவற்றைப் புதுப்பித்தது. இவ்வளவுக்குப் பிறகும், 2024-ல் எடுத்த கணக்கின்படி சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள். கருத்தடை ஆனவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். இதைக் காட்டிக் கருத்தடையே வீண் என்பவர்கள் ஜெய்ப்பூரைப் பார்க்க வேண்டும். 1994-ல் தொடங்கிய திட்டத்தில், தேர்ந்தெடுத்த பகுதியின் பெட்டை நாய்களில் 65 சதவீதத்துக்குக் கருத்தடை செய்தார்கள். எட்டே ஆண்டுகளில் நாய்கள் 28 சதவீதம் குறைந்தன. அந்தப் பகுதியில் மனிதர்களுக்கு வெறிநோய் வருவதும் நின்றது. இங்கே பத்து நாய், அங்கே இருபது நாய் என்று ஊரெங்கும் சிதறிச் செய்தால், செய்தவற்றின் பலனைச் செய்யாதவை போடும் குட்டிகள் ஒரே பருவத்தில் அழித்துவிடும். ஒரு வட்டத்தை எடுத்தால் பெட்டைகளில் பெரும்பங்கை முடித்துவிட்டுத்தான் அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டும். எந்தப் பெட்டை எந்தச் சந்தில் படுக்கும், எது குட்டி போட்டிருக்கிறது என்பதெல்லாம் நாய்பிடி வண்டிக்குத் தெரியாது. தினமும் சோறு வைப்பவருக்குத் தெரியும். அவர் கைகாட்டினால் அரை மணியில் முடிகிற வேலை, அவர் இல்லாவிட்டால் ஒரு பகல் முழுக்க வலையோடு துரத்துவதாக ஆகிவிடுகிறது.

தெருநாயோடு இது முடிவதில்லை. நாடு முழுவதும் தெருநாய்க் கருத்தடையை முடித்துவிட்டதாக 2023-ல் அறிவித்த பூட்டான், வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தும் வேலையையும் அதோடு சேர்த்தே செய்தது. சென்னையிலும் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அந்த உரிமம் வெறும் ரசீதாக இருக்கக் கூடாது. கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணமே வேண்டாம். செய்யாததற்குக் கூடுதலாக வாங்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களின் நாய், பூனைகளுக்கு மாநகராட்சி மையங்களிலேயே இலவசமாகச் செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனையில் பெட்டை நாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்ய ஆகும் பல ஆயிரம் ரூபாயை வீட்டு வேலைக்குப் போகிற பெண் எங்கே போய்ப் புரட்டுவார்? சொந்த நாய்க்கு வரிப்பணமா என்று கேட்கலாம். அந்த நாயின் குட்டிகள் தெருவுக்கு வந்த பிறகு பிடிப்பது, அறுவை செய்வது, தடுப்பூசி போடுவது எல்லாமே வரிப்பணம்தான். கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் போடும் ஊசியும் அதேதான்.

தத்துக் கொடுத்தலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். குட்டி தாய்ப்பால் மறந்ததும் தடுப்பூசி போட்டுக் கொடுப்பது, உரிய வயதில் இலவசக் கருத்தடைக்கு ஒரு நாளையும் கையோடு குறித்துத் தருவது, அந்த நாளில் வராதவரை வட்ட அலுவலகம் தேடிப் போவது ஆகிய மூன்றும் இருந்தால் பெட்டைக்குட்டியை எடுக்க யாரும் தயங்க வேண்டியதில்லை. குட்டி போடும் என்ற பயம்தானே அதைப் பெட்டியில் விட வைத்தது? கொடுத்த நாயைச் சிலர் மறுபடி தெருவில் விடுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் கருத்தடை ஆன நாய் திரும்பி வந்தாலும் ஒரு நாய்தான். ஆறு குட்டிகளோடு வராது. வளர்க்க முடியாமல் போனவர் திரும்பக் கொடுக்க ஓர் இடம் இருந்தால் அதுவும் குறையும்.

எல்லா நாய்களையும் காப்பகத்தில் அடைத்துவிடலாம் என்று சொல்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தமிழகத்தில் 2024-ல் வெறிநோய்க்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய்ப் பொறுமை பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 1.8 லட்சம் நாய்களுக்கு இடம் எங்கே, தினமும் தீனி எங்கே? தில்லி நாய்களைக் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றமே, 2025 ஆகஸ்டில் பதினொரு நாளில் அந்த ஆணையை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் ஆணையிட்டது. காப்பகத்தில் உள்ள இடம் இந்த நாய்களுக்கே தேவை. அவற்றிலும் சாதுவானவற்றுக்கு வீடு தேடும் வேலையை மாநகராட்சி இப்போதே தொடங்கலாம்: ஒவ்வொரு மண்டலத்திலும் மாதம் ஒரு தத்து முகாம், பெட்டைகளுக்கு முன்னுரிமை, அதற்கென வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் நிதி.