பரம்பரை என்றால் ஒளிக்க வேண்டுமா?

போன மாதம் எங்கள் உறவில் ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோனது. பெண்ணின் அண்ணன் ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறானாம். "பரம்பரை வியாதி" என்று பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண் வீட்டாரோ, "எங்கள் பரம்பரையிலேயே கிடையாது" என்று சத்தியம் செய்தார்கள். இரண்டு தரப்பின் மேலும் எனக்குக் கோபம்தான்.

கிடையாது என்பது பொய். அந்தப் பையனின் பாட்டி என் சின்னம்மா. கிணற்றடியில் குடம் குடமாக இறைத்துக் கை கழுவுவார், விரலிடுக்கெல்லாம் புண். ராத்திரி தாழ்ப்பாளை ஏழெட்டு முறை இழுத்துப் பார்ப்பார். "சுத்தக்காரி" என்று சொல்லிச் சிரித்தோம். வைத்தியம் பார்க்காமலே போய்ச்சேர்ந்தார். 1875-லேயே லெக்ரான் து சோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நோயைப் பற்றி 'லா ஃபொலி து தூத்', அதாவது 'சந்தேகப் பைத்தியம்', என்று புத்தகம் போட்டிருக்கிறார். பிரெஞ்சில் படித்து வளர்ந்தும், ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

பரம்பரை என்று பயந்து ஓடுவதும் அறியாமை. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சில மடங்கு கூடுகிறது, உண்மை. அப்படியும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து, மற்றவருக்கு வராமல் போவதுண்டு. இதற்கென்று தனி மரபணு ஒன்று கிடையாது. 53,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து 2025-இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுதியில் 30 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. மீதியை வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

சர்க்கரையும் பரம்பரையில் வருவதுதானே? அதை எந்தக் கல்யாணப் பந்தியிலும் கூச்சமில்லாமல் சொல்கிறோம். "எனக்குப் பாயசம் வேண்டாம், சுகர்" என்கிறோம். கை கழுவுகிற நோய்க்கு மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறோம்?

மாத்திரை இருக்கிறது. அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. என் சின்னம்மாவுக்குக் கிடைக்காதது அவர் பேரனுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்காகப் பெருமைப்பட வேண்டிய குடும்பம் அவனை மாடி அறையில் ஒளித்துவைக்கிறது.

குடும்பத்தில் இந்த நோய் இருந்தது என்று பெரியவர்களாகிய நாம் வாய்திறந்து சொன்னால்தான், பிள்ளைகள் சீக்கிரம் டாக்டரிடம் போவார்கள். நான் சொல்லிவிட்டேன். உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.